பெயரில் ஒரு சாய்கோடு

யமுனா கேட்டது ரொம்பச் சின்ன உதவி. அதைக் கேட்க அவள் அவ்வளவு தயங்கியதுதான் துளசிக்குச் சங்கடமாக இருந்தது.

"அக்கா, பிஸியா இருப்பீங்க. அவசரமில்லலா. போன வருஷம் எங்க வீட்டுக்கு வந்து இவரு பேசுனத ரெக்கார்ட் பண்ணிட்டுப் போனீங்கல்ல, அது இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. அது எங்க போவப்போவுது?"

"அடுத்த மாசம் தண்ணீர்மலை முருகன் கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்துறோம். அன்னைக்கு அவ காதுல அவ அப்பா குரல் விழணும்னு எனக்கு ஒரு ஆசக்கா. வேற எதுலயும் அவரு குரலே இல்ல. வாய்ஸ் மெசேஜ் அனுப்புற ஆளா அவரு? 'ஓகே'ன்னு தட்டி விட்டுட்டுப் போயிருவாரு."

"இதுக்குப் போயி இவ்ளோ யோசிச்சியா? நானே கொண்டாந்து குடுக்குறேன்," என்று துளசி வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். வாக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். படித்த பெண், அதிலும் கணினி படிக்கிற பெண். இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

யமுனாவின் கணவன் சுகுமாரன் தாசேக் கெலுகோர் ஊர்க்காரன். பிறை பட்டணத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன் வழியில் விபத்தில் சிக்கி வீடு திரும்பவில்லை. யமுனாவின் வயிற்றில் அப்போதுதான் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தது. அவனோடு அவன் கைப்பேசியும் சக்கரத்தின் அடியில் நசுங்கிப் போயிற்று. கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் முழுக்க நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும்தான். மாப்பிள்ளை வாயை அசைக்கிறான், சத்தம் வருவதில்லை. ஆக, இந்த உலகத்தில் சுகுமாரனின் குரல் துளசியின் கணினியில் மட்டும்தான் இருக்க முடியும். முழுசாக இருபது நிமிடம்.

துளசி பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கிற வேலையில் பல வருடம் இருந்தாள். நாற்பதை நெருங்குகிற நேரத்தில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். "இனிமே படிச்சி என்ன, ராக்கெட் விடப்போறியா?" என்று கணவன் ராமு கேலி செய்தான். கேலி செய்தாலும் கெரேத்தா என்று இங்கே சொல்கிற காரில் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுபோய் விடுகிறவனும் அவன்தான்.

அவள் படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் கோபம். ஒருநாள் கைப்பேசியிடம் பேசி ராமுவுக்குச் செய்தி அனுப்பப் பார்த்தாள். "பசியாறிட்டு வர்றேன்" என்றாள். அது "பசி 6 விட்டு வரேன்" என்று எழுதிக் காட்டியது. அறைக்குள் உட்கார்ந்து செய்தி வாசிக்கிற தமிழைத்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பினாங்குக்காரன் பேசுவதெல்லாம் அதன் காதில் தமிழாகவே ஏறவில்லை. துளசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் ஆட்கள் பேசுகிற தமிழைச் சேர்த்து, அதை ஒரு கணினிக்குப் புரியவைப்பது என்று முடிவு கட்டினாள். அதுவே அவளுடைய ஆய்வாயிற்று.

மேற்பார்வையாளர் டாக்டர் நஸீஹா. துளசியைவிடச் சின்னவர். வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். கெட்டிக்காரி, சிடுசிடுப்பு இல்லாதவர். ஆய்வு தொடங்கும்போதே அவர் ஒன்று சொன்னார்: "ரெக்கார்டிங்குக்குப் பேர் வேணாம் துளசி, நம்பர் போட்டுருங்க. அதான் வழக்கம்."

துளசி மறுத்துவிட்டாள். "தோட்டத்துல எங்காளுங்களுக்குக் காலங்காலமா நம்பர்தான் டாக்டர். பேரச் சொல்லிக் கூப்புட்டது யாரு? கடைசியில ஆய்வக் குடுக்குறப்ப வேணா நம்பரா மாத்திக்கலாம். என்கிட்ட இருக்குறவரைக்கும் பேருதான், ஐசியில, அடையாள அட்டையில உள்ள மாதிரி முழுப் பேரு."

நஸீஹாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை. பேசியிருக்கலாம் என்று பின்னால் இருவருமே நினைத்தார்கள்.

துளசி வாரக் கடைசிகளில் கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்ச் செம்பனைத் தோட்டங்களைச் சுற்றியுள்ள வீடுகளில் குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்தாள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று வரிசையாக உட்கார்ந்து பேசினார்கள். அதற்கான செயலியை அவளே எழுதியிருந்தாள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் 'பத்திரமாகச் சேமிக்கப்பட்டது' என்று திரையில் ஒரு வரி வரும். அதைத் தமிழில் வரவைத்ததில் அவளுக்குத் தனிப் பெருமை. சேர்த்ததையெல்லாம் பிரித்து ஆராய்வது அடுத்த பருவத்து வேலை. அதனால் கோப்புகள் இருக்கும் இடத்தை அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

யமுனா போனில் கூப்பிட்ட மறுநாள்தான் முதன்முதலாக எட்டிப் பார்த்தாள்.

ஆய்வுக்கூடத்தில் மத்தியான வெயில் கண்ணாடி வழியாக மேசைவரை வந்திருந்தது. எஸ் வரிசையில் சுகுமாரனைத் தேடினாள். காணவில்லை. எஸ் வரிசையில் ஒருவருமே இல்லை. மேலே போனாள். ஏ வரிசையிலும் இல்லை, கே வரிசையிலும் இல்லை. கோப்புகள் முக்கால்வாசி இரண்டே எழுத்துகளில் தொடங்கின. எல் முனியாண்டி. எல் வீராசாமி. பி முனியாண்டி. பி கோவிந்தன். இது யாருடைய பட்டியல் என்று முதலில் அவளுக்கு விளங்கவே இல்லை. வேறு யாரோ தன் கணினியில் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

பிறகு 'எல் அர்ஜுனன்' கண்ணில் பட்டது. அர்ஜுனன் சுகுமாரனின் அப்பா.

காதில் கேட்பியை மாட்டிக்கொண்டு அதைத் தட்டினாள். "வணக்கம். என் பேரு ஷர்வின்," என்றது குரல். ஷர்வின் சுகுமாரனின் தம்பி.

துளசி கேட்பியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் ஷர்வின்தான். அர்ஜுனன் பெயரில் வேறு கோப்பு உண்டா என்று தேடினாள். இல்லை. பக்கத்து மேசையில் இருந்த பையன் ஏதோ கேட்டான். அவன் என்ன மொழியில் கேட்டான் என்றுகூட அவளுக்கு ஏறவில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்தபோது வந்த அதிர்ச்சிதான் இன்னும் பெரியது.

மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சுகுமாரன் ஏ/எல் அர்ஜுனன். ஷர்வின் ஏ/எல் அர்ஜுனன். மகன் என்பதற்கு மலாயில் உள்ள இரண்டு சொற்களின் முதலெழுத்துகள், நடுவில் ஒரு சாய்கோடு. மகள் என்றால் ஏ/பி. கணினிக்கோ அந்தச் சாய்கோடு வேறு பொருள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி என்று வழி காட்டுகிற குறி அது. துளசி எழுதிய செயலி என்ன செய்தது? கோட்டுக்கு முன்னால் உள்ளதெல்லாம் வழி, பின்னால் உள்ளது மட்டுமே பெயர் என்று எடுத்துக்கொண்டது. சுகுமாரனையும் ஏ-யையும் வெட்டி எறிந்துவிட்டு 'எல் அர்ஜுனன்' என்று சேமித்தது. அதற்கடுத்து ஷர்வின் பேசினான். அவனும் 'எல் அர்ஜுனன்'. பழையதன் மேலேயே புதியதை எழுதிவிட்டு, 'பத்திரமாகச் சேமிக்கப்பட்டது' என்று கூசாமல் சொல்லியது.

ஒரு தகப்பனுக்கு எத்தனை மகன்கள் இருந்தாலும் ஒரே கோப்பு. எத்தனை மகள்கள் இருந்தாலும் ஒரே கோப்பு. கடைசியாகப் பேசியவர் மட்டும் மிச்சம்.

இதில் மனதை அறுக்கிற விஷயம் என்னவென்றால், துளசியின் ஐசியிலும் அதே கோடு இருக்கிறது. துளசி ஏ/பி சிதம்பரம். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டியவள் அவள். விமான டிக்கெட்டில் கோடு ஏறாது, வங்கித் திரை சிவப்பாகிக் கத்தும், "கோடு இல்லாம எழுதுங்க மிஸ்" என்பார்கள். முகப்பில் இருப்பவர்களிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள்! 'எங்க பேர ஏத்துக்கத் தெரியாத ஒரு சிஸ்டம் என்ன சிஸ்டம்?' என்று எகிறியிருக்கிறாள். அவளே உட்கார்ந்து அப்படி ஒன்றை எழுதியிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

நஸீஹாவின் அறைக்குள் பேயறைந்த முகத்தோடு போய் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் நஸீஹா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எப்புடி? நான் டெஸ்ட் பண்ணப்ப நல்லா ஓடுச்சே!"

"நீங்க நஸீஹா பிந்தி அப்துல் ரஹீம், டாக்டர். பிந்தின்னாலும் மகள்தான், ஆனா அதுல கோடு எங்க இருக்கு? நம்ம லேப்ல இருக்குற சீனப் பசங்க பேருலயும் கோடு இல்ல. நான் டெஸ்ட் பண்ணப்ப துளசின்னு மட்டும்தான் அடிச்சேன்."

நஸீஹா உட்கார்ந்தார். சோதனைக்காக அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய குரல் முழுப் பெயரோடு பத்திரமாக இருந்தது.

மறுநாளே தொழில்நுட்பப் பிரிவுக்காரரிடம் கணினியைக் கொடுத்தார்கள். நகல் எடுக்கிற ஏற்பாடு இருந்தது. ஆனால் அது ராத்திரிதான் எடுக்கும். அண்ணன் பேசி எழுந்த கையோடு அதே நாற்காலியில் தம்பி உட்கார்ந்தான். ராத்திரி நகல் எடுக்க அண்ணன் அங்கே இல்லை. அந்தத் தொழில்நுட்பக்காரர் நாள் முழுக்கத் தோண்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மேலேயே எழுதிவிட்டதை மீட்க வழி கிடையாது.

"ஒரு பருவம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்," என்றார் நஸீஹா. "நான் எழுதிக் குடுக்குறேன். எல்லார் வீட்டுக்கும் திரும்பப் போவோம், மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி பேசச் சொல்லுவோம். நானும் கூட வர்றேன்லா."

"எல்லாரும் பேசுவாங்க டாக்டர். சுகுமாரன் எப்புடிப் பேசுவாரு?"

நஸீஹா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். துளசி குடிக்கவில்லை.

பட்டம் போனால் போகிறது என்று துளசி உண்மையாகவே நினைத்தாள். அது தன் பட்டம். இன்னொருத்தியின் புருஷன் குரலை யார் அழிக்கச் சொன்னது? சாலை விபத்து அவனைக் கொண்டுபோயிற்று. மிச்சம் இருந்ததை இவள் கொண்டுபோனாள். சாப்பாடு இறங்கவில்லை. ராமு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சொல்லிரு. தள்ளிப்போட்டா இன்னும் கஷ்டம்," என்றான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

சொல்வதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. அண்ணன் தம்பி குரல் ஒரே அச்சாகத்தான் இருக்கும். ஷர்வினின் பதிவை எடுத்து, அவன் பெயர் சொல்கிற இடத்தை வெட்டிவிட்டு, சுருதியைச் சற்றுக் கீழே இறக்கினால்? கணினியில் அது பிள்ளை விளையாட்டு. பாப்பாவுக்கு என்ன தெரியும்? யமுனாவும் அழுதுகொண்டேதான் கேட்கப்போகிறாள். துளசி செய்துகூடப் பார்த்தாள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கனத்த, நிதானமான ஓர் ஆண்குரல், ஒரு செத்த மனிதனின் குரல் என்று யாரிடமும் கொடுக்கக்கூடிய பதத்தில் வந்து நின்றது.

இது சுகுமாரன் மாதிரி இருக்கிறதா என்று கண்ணை மூடிக் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. அதை அழித்தாள். முதல் முறை தெரியாமல் அழித்தாள், இது தெரிந்தே அழித்தது.

சனிக்கிழமை யமுனா காது குத்துக்குத் தோடு எடுக்க லிட்டில் இந்தியாவுக்கு வந்தாள். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திப்பதாகப் பேச்சு. ஷர்வின் அவளை வாசலில் இறக்கிவிட்டுக் கெரேத்தா நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். பாப்பா மடியில் இருந்தாள். நெற்றி நிறையப் பொட்டு, வாயில் விரல். யமுனா சின்ன டப்பாவைத் திறந்து தோட்டைக் காட்டினாள்.

"நல்லாருக்காக்கா? செவப்புக் கல்லு. அவருக்குச் செவப்புன்னா புடிக்கும்." டப்பாவை மூடிவிட்டு, "கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள்.

துளசி வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தாள். அதில் சாய்கோடு, செயலி, நகல் எல்லாம் ஒழுங்காக வரிசையில் இருந்தன. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போயிற்று.

"இல்லம்மா. அது இல்ல. அழிஞ்சுபோச்சு. நாந்தான் அழிச்சுட்டேன். தெரியாம பண்ணிட்டேன், ஆனா நாந்தான்."

யமுனா சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். துளசியின் கண்ணைப் பார்த்தபிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

துளசி திக்கித் திணறிச் சொன்னாள். கோட்டைப் பற்றிச் சொன்னாள். மேசையில் சிந்திய தண்ணீரில் விரலால் எழுதியே காட்டினாள். யமுனா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தம்பி குரல் இருக்கு."

"இருக்கு."

"மாமா பேரு இருக்கு. மாமா செத்துப் பத்து வருஷம் ஆச்சு, அவரு பேர வச்சுக்கிச்சு. இவரு பேர வேணாம்னு தள்ளிருச்சா?"

"ஆமாம்மா."

யமுனா கத்துவாள் என்று துளசி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. பரிமாறுகிறவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தானாகவே நகர்ந்துபோனார். பாப்பா வாயிலிருந்த விரலை எடுத்து மேசையிலிருந்த ஈரத்தைத் தேய்த்தாள்.

யமுனா பிள்ளையின் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "சரி. குரல்தான் இல்ல. என்ன பேசுனாருன்னாச்சும் சொல்லுங்க. நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் வரக்கூடாதுன்னு கதவச் சாத்தச் சொன்னீங்க. ஒரு வார்த்த என் காதுல விழல. நீங்கதான் எதிர்ல ஒக்காந்து கேட்டீங்க. எதப் பத்திப் பேசுனாரு?"

துளசி வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. அந்தக் கூடம் ஞாபகம் இருந்தது. நிறுத்திவைத்த விசிறி ஞாபகம் இருந்தது. சுகுமாரனின் நெற்றி வியர்வை, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைபோல் அவன் உட்கார்ந்திருந்தது, எல்லாம் இருந்தன. அவன் உதடு அசைந்தது கண்ணுக்குள் நின்றது, கல்யாண வீடியோவில் அசைந்த மாதிரியே. அவன் பேசிய இருபது நிமிடமும் காதில் கேட்பியை மாட்டிக்கொண்டு துளசி திரையில் ஏறி இறங்குகிற பச்சைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் சரியாகப் பதிகிறதா என்பது மட்டுமே அவள் கவலையாக இருந்தது. நம் ஆட்கள் பேசுகிற தமிழ் கைப்பேசிக்குப் புரியவில்லை என்று கோபப்பட்டுப் படிக்கப் போனவள் அவள்.

"நான் கேக்கலம்மா," என்றாள். "கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், ஆனா கேக்கல. மெஷின் கேக்குதுல்லன்னு இருந்துட்டேன்."

யமுனாவுக்கு இது முந்தியதைவிடப் பெரிய அடியாக விழுந்தது என்பது தெரிந்தது. பிள்ளையைச் சட்டென்று இறுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. நடுவுல ஒரு எடத்துல சிரிச்சாரு. வாய்விட்டு, ரொம்பச் சத்தமா. பச்சக் கோடு செவப்புக்குப் போயிருச்சு. பதிவு கெட்டுப்போவும்னு நான் கையக் காட்டி, மெதுவான்னு சொன்னேன். ஒடனே நிறுத்திட்டாரு."

"சத்தமாவா?"

"ஆமா."

"அவரா?"

"ஆமாம்மா. எதுக்குச் சிரிச்சாருன்னு தெரியல."

யமுனா துளசியையே வெறித்துப் பார்த்தாள். அவள் கண்ணில் இப்போது கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வெறும் திகைப்புதான்.

"அஞ்சு வருஷம் கூட இருந்திருக்கேன்க்கா," என்றாள் மெல்ல. "கேலி பண்ணுனா ஓரமா சிரிப்பாரு. பல்லுகூடத் தெரியாது. அவரு சத்தம் போட்டுச் சிரிச்சு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

தெருவில் ஷர்வின் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான். யமுனா அவனைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பாப்பாவைத் தூக்கி, துளசியைப் பார்க்கிற மாதிரி மேசைமேல் உட்கார வைத்தாள்.

"எப்புடிச் சிரிச்சாரு?" என்றாள். "கொஞ்சம் சிரிச்சிக் காட்டுங்கக்கா, இவ கேக்கட்டும்."